கேட்டு வாங்குகிற பன்றியா அது?

என் அக்கா பெற்ற செல்வத்துக்கு,

ஆக்லாந்திலிருந்து நீ எழுதியது கிடைத்தது. "சிரமம் இல்லையென்றால், என் கல்யாணத்துக்கு உங்கள் பன்றியைத் தர முடியுமா மாமா?" என்று கேட்டிருக்கிறாய். டோங்காவில் எந்தத் தாய்மாமனுக்கும் இப்படியொரு அவமானம் நேர்ந்ததில்லை.

உன் கடிதத்தை நான் உரக்கப் படித்து முடிப்பதற்குள் உன் லாவினியா அத்தை வேலியோரம் வந்து நின்று சிரித்தாள்.

"என்ன மச்சான், கல்யாணத்துல முன்வரிசை எனக்கு, சீரா வர்ற பாயும் மரப்பட்டைத் துணியும் எனக்கு. நீ அடுப்புக் குழியில புகை தின்னுட்டுக் கிட!"

"தின்னுறேன் தாயி. என் பன்றி இல்லாம அது கல்யாணமா?"

"அதையும் ஏதோ அசலூரான்கிட்ட கேக்குற மாதிரியில்ல கேட்டிருக்கா!"

நம் ஊர் வழக்கத்தில் அப்பாவின் தங்கை என்றால் உயர்ந்த இடம்தான், இருக்கட்டும். எனக்கென்ன பொறாமை? என் பன்றி தேவாலயக் கதவளவு இருக்கும். கடல் வற்றும்போது இறங்கி மீன் பிடிக்கும். போன வாரம் ஒரு சுறாவையே விரட்டியது. பாதிரியார் சாட்சி, அவர் அப்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

சின்ன வயதில் என் தட்டு மீனை எடுத்தாய், சட்டையை எடுத்தாய், படகைக்கூடக் கேட்காமல் எடுத்துப்போய்ப் பாறையில் மோதினாய். ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். உன் அத்தை வீட்டில் ஒரு வாழைப்பழத்தை அப்படி எடுத்துவிடுவாயா? கேட்காமல் எடுக்கிற அந்த உரிமை மாமன் வீட்டில் மட்டும்தான்.

ஆகவே, தருகிறேன் என்று எழுத மாட்டேன். பட்டிக் கதவைத் தாழிடாமல் விட்டிருக்கிறேன். வந்து எடுத்துப் போ. நான் ஊர் கேட்கத் திட்டுவேன். உன் அத்தை காதில் நன்றாக விழட்டும்.

இன்னும் உன் தாய்மாமன்தான்