வெற்றுப் பக்கத்தில் எழுதியது

பாப்பா அம்மாவுக்கு,

தறி ரிப்பேர்னு சொல்லித்தான் உன்னையும் பாப்பாவையும் தாமலுக்கு, உங்க அம்மா வீட்டுக்கு அனுப்பினேன். தறி நல்லாத்தான் ஓடுது. போன்ல பேச பயமா இருக்குது, அதான் உங்க அண்ணன்கிட்ட இதைக் குடுத்தனுப்புறேன்.

போன ஞாயித்துக்கிழமை நம்ம நெசவாளர் சங்கத்துல விதியைத் திருத்தினோமே, பட்டுக் கடை முதலாளிங்க வீட்டு ஆளுங்க இனிமே நிர்வாகத்துக்கு நிக்கக் கூடாதுன்னு. அறுபத்திரண்டு பேரும் கை தூக்கினோம். ஆனா நம்ம வழக்கம் உனக்கே தெரியும். உள்ள நுழையறப்பவே தீர்மானப் புத்தகத்துல, வெத்துப் பக்கத்துக்கு அடியில கையெழுத்துப் போட்டுடுவோம். செயலாளர் அப்புறமா மேல எழுதிக்குவாரு. அவரு கடைக்காரங்க ஆளு. மூணு நாளாகியும் எழுதல. அவரு டீ குடிக்கப் போனப்ப நானே எழுதிட்டேன். எல்லாரும் சொன்னதைத்தான் எழுதினேன், ஒரு வார்த்தை கூட்டல.

இப்ப யாரு எழுதினதுன்னு வீடு வீடா தேடிக்கினு இருக்கறாங்க. நேத்து ரெண்டு பேர் வந்து, "பேரு, விலாசம் ஒரு பேப்பர்ல எழுதிக் குடுப்பா"ன்னாங்க. கண்ணாடி உடைஞ்சிடுச்சுன்னு சொன்னேன். "நாளைக்கு நாங்களே கண்ணாடி வாங்கிக்கினு வர்றோம்"னு சிரிச்சாங்க. வாசல்ல செருப்பு மாட்டிக்கினே, "பாப்பா தாமல்ல நல்லா இருக்குதா?"ன்னு கேட்டாங்க.

நீங்க தாமல்ல இருக்கறதை நான் யார்கிட்டயும் சொல்லலமா. இதைப் படிச்சதும் பாப்பாவ தூக்கிக்கினு கூரத்துக்கு உங்க சித்தி வீட்டுக்குப் போயிடு.

இந்தக் காகிதத்தை எரிச்சிடுன்னு சொல்லத்தான் எழுத உக்காந்தேன். வேணாம், எரிக்காத. நான் வரலன்னா, மத்தவங்க எல்லாம் பயந்து மாத்திச் சொன்னாலும், நடந்தது இதுதான்னு சொல்ல இது ஒண்ணுதான் மிஞ்சும்.

உன் வீட்டுக்காரன்