ஐஸ் பெட்டியில் இருந்த பல்

பார்க்காமலே வலைக்கு முடிச்சுப் போட்ட கைக்காரரான என் அப்பாவுக்கு,

அந்தப் பல் ஆட்கள் திரும்பவும் தேங்காய்ப்பட்டணத்துக்கு வந்திருக்கிறார்கள். அதே கோவில் மண்டபம், அதே நோட்டீஸ். ஒரு பக்கம் பல் விழுந்த குழந்தையின் சிரிப்பு, மறுபக்கம் டம்ளர் நடுங்காமல் டீ குடிக்கும் தாத்தா. பல்லுக்குள் இருக்கும் ஸ்டெம் செல்லை எடுத்து உறையவைத்தால், நாளைக்கு உங்களுக்கு வந்த பார்க்கின்சனுக்கும் மறதி நோய்க்கும் அதுதான் மருந்தாம். இந்த முறை அவர்களுக்கு வேண்டியது அக்கா மகள் அனிஷாவின் பால் பல்.

போன முறை அவர்கள் வந்தபோது மார்த்தாண்டத்தில் என் லேபுக்கு போன் செய்தீர்கள். "ஏட்டி, பல்லுல இருந்து கை நடுக்கத்துக்கு மருந்து உண்டுன்னு சொல்லுகானுவ. உள்ளதாட்டி?" எனக்கு முன்னால் சோதிக்க வேண்டிய ரத்த மாதிரிக் குழாய்கள் வரிசையில் இருந்தன. "ஆராய்ச்சி நடக்குதுப்பா" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். பொய் இல்லை. ஆனால் அது பதிலா?

நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது உங்களை அடக்கம் செய்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது. உங்களோடு ஒரே வள்ளத்தில் போன ததேயு மாமா சொன்னார்.

"ஒங்கப்பன் வலிக்காத ஞானப்பல்லப் பிடுங்கி, குப்பியில போட்டு, ஐஸ் பெட்டியில வச்சிருந்தான் மக்கா. தினம் காலத்த ஐஸ் மாத்துவான். ஏலே, சாளை மீனுக்கே நாங்க இவ்வளவு ஐஸ் போடமாட்டோம்னு சொன்னேன். 'சாளை நாளைக்கு வித்துப் போவும், இது எனக்கக் கையத் திருப்பித் தரும்'னான். 'சின்னவகிட்ட மட்டும் சொல்லாத, லேபுகாரி சிரிப்பா'ன்னான்."

அவர்கள் கேட்ட கட்டணம் நம்மால் ஆகாது. உறையவைப்பதுதானே, அது நமக்குத் தெரியாத வேலையா என்று நினைத்திருக்கிறீர்கள். ஐஸில் வைத்தது கெடாது என்று நம்பித்தானே இந்தக் கடற்கரையே பிழைக்கிறது. ஓரிரு நாள் தாண்டினால் அந்தப் பல்லுக்குள் உயிருள்ள செல் எதுவும் மிஞ்சாது என்று உங்களிடம் யார் சொன்னார்கள்?

மீன்பிடித் தடைக்காலத்தில் நம்மூர் ஐஸ் கம்பெனி மூடியதும் மார்த்தாண்டம் சந்தைக்கே பஸ்ஸில் வந்தீர்களாம். சந்தை என் லேபுக்கு எதிரில்தான் இருக்கிறது. நடுங்கும் கையில் ஐஸைத் தூக்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் திரும்பியிருக்கிறீர்கள்.

இதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். பல்லின் செல்லைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து நரம்பு செல் போல ஆக்கிப் பார்க்கிறார்கள். எலிகளுக்குக் கொஞ்சம் குணம் தெரிந்திருக்கிறது. அந்த உழைப்பை நான் சந்தேகப்படவில்லை. எலிக்கூண்டிலிருந்து நேராக நம் கோவில் மண்டபத்துக்கு வந்து கடை விரிக்கிறவர்களைத்தான் சந்தேகப்படுகிறேன். ஆஸ்பத்திரியில் ஒரு நரம்பு டாக்டரைப் பார்க்க நாம் எத்தனை பஸ் மாறினோம்? இவர்களுக்கு மட்டும் நம் தெரு எப்படித் தெரிகிறது?

போன ஞாயிறு மண்டபத்தில் நோட்டீஸ் கொடுத்த ஆளிடம் நேராகவே கேட்டேன். "இதுல யாருக்காவது கை நடுக்கம் நின்னிருக்கா? ஒரு ஆளைக் காட்டுங்க."

சிரித்துக்கொண்டே சொன்னான், "ஆராய்ச்சி நடக்குது மேடம்."

என் வாக்கியம் அப்பா. அவன் வாயில் கேட்டபோதுதான் அது எப்படிப்பட்ட வாக்கியம் என்று தெரிந்தது.

அனிஷாவின் பல் வியாழக்கிழமை விழுந்தது. அக்கா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "அப்பாவுக்கு வந்தது நாளைக்கு எனக்கும் வந்தா என்ன செய்யதுட்டி? குடுத்து வச்சா என்ன குறஞ்சு போவும்?"

இந்த முறை அவசரப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, எலி வரைக்கும் வந்திருக்கிறது, மனுஷனுக்கு இன்னும் மருந்தாகவில்லை, எப்போது ஆகும் என்று யாருக்கும் தெரியாது என்று சொன்னேன். "அப்பாகிட்ட இத ஏன் சொல்லல?" என்று கேட்டாள்.

உங்கள் குப்பி இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது, ஐஸ் இல்லாமல். வரும் ஞாயிறு அதை மண்டபத்துக்கு எடுத்துப்போய், அவர்கள் நோட்டீஸ் அடுக்கிய மேசை மேல் வைப்பேன். இது யாருடைய பல், ஏன் பிடுங்கினார் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வேன். அவரிடம் பாதி பதில் சொன்னவள் நான்தான் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

சிரிக்க மாட்டேன் அப்பா.

உங்கள் சின்ன மகள்,
லேபுகாரி ஜெசி