கைகொடுத்த நேரத்தில்

அன்புள்ள தோழனுக்கு,

செவ்வாய்க்கிழமை வாதம் முடிந்ததும், நம் மேல்முறையீட்டு நீதிமன்ற வழக்கப்படி மேடையை விட்டு இறங்கி வழக்கறிஞர்களுக்குக் கைகொடுத்தோம். கைதிக்காக வாதாடி முடித்திருந்த ஹார்க்ரோவ் அம்மாவிடம் நீ கேட்டாய்: "நீங்க எந்தப் பக்கம்மா? எப்போ ஆரம்பிக்கப் போறீங்க?"

"ஐயாவுக்கு எப்பவும் கிண்டல்தான்" என்று அவர் சிரித்தார். நீ பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றாய்.

பிறகு ஆலோசனை அறையில் நீதிபதிகள் மூவரும் வாக்களித்தோம். நம்மில் இளையவர் கைதியை விடுவிக்கச் சொன்னார். நான் மறுத்தேன். நீயும் மறுத்தாய். காரணம் கேட்டேன்.

"இத்தனை வருஷம் என்கூட உக்காந்துட்டு இதைக் கேக்குறியே, உனக்கு வயசாயிடுச்சுய்யா" என்றாய். காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

உன் வாக்கால் என் பக்கம் ஜெயித்தது. தீர்ப்பை நான் இன்னும் எழுதவில்லை.

நம்முடையது ஆயுள் பதவி. போகச் சொல்ல மேலே யாரும் இல்லை. அதனால்தான் பதவியேற்ற வருடம் நார்ஃபோக்கில் சிப்பி வறுவல் தின்றுகொண்டே என்னிடம் சத்தியம் வாங்கினாய்: "எனக்குப் புத்தி தடுமாற ஆரம்பிச்சா நீதான் சொல்லணும். மார்த்தா சொல்ல மாட்டா. பொண்டாட்டியாச்சே."

சொல்கிறேன். பதவியிலிருந்து நீயாகவே விலகிக்கொள். வழக்கை வேறு மூவர் கேட்கட்டும். அந்தக் கைதிக்குச் சட்டம் மூன்று நீதிபதிகளைத் தருகிறது. செவ்வாய்க்கிழமை இரண்டு பேர்தான் இருந்தோம்.

உன்,
பக்கத்து நாற்காலிக்காரன்