சேலை மாற்றிய காட்சி

மூக்கண்டப்பள்ளி, ஓசூர்,
12.6.2005

சத்யா அப்பாவுக்கு பொற்கொடி வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அத்தையும் சத்யப்ரியாவும் சாத்தூரில் சுகமாக இருக்க வேண்டும். முதல் இரண்டு கடிதங்களும் பிரிக்காமலே திரும்பி வந்தன. இதையாவது படியுங்கள்.

போன வருஷம் கம்பெனி ஆயுத பூஜை நாடகத்தில் நடிக்கச் சொல்லி என்னைத் தள்ளிவிட்டதே நீங்கள்தான். ரகசியமாக ஒருத்தியைச் சந்திக்க வரும் கணவன், முக்காடு போட்டிருக்கும் தன் மனைவியிடமே காதல் பேசுவான். அந்தக் காட்சிக்காக மனைவியான நானும், காதலியாக நடித்த அனிதாவும் சேலை மாற்றிக்கொண்டோம். நீங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்ததை மேடையிலிருந்து பார்த்தேன்.

நாடகம் முடிந்ததும் அனிதா என் பச்சைச் சேலையோடே கேன்டீன் பின்னால் போய், கணவனாக நடித்த சுபாஷிடம் அழுதிருக்கிறாள். அவர்களுக்குள் நிஜமாகவே பழக்கம். அவளுக்கோ அடுத்த மாதம் வேறிடத்தில் கல்யாணம். முதுகை மட்டும் பார்த்த சூப்பர்வைசர் ஆஞ்சப்பன் உங்களிடம் வந்து, "உன் சம்சாரம் சுபாஷ் தோள் மேல சாஞ்சிட்டு நிக்கிறா" என்றார். நான் அப்போது குழாயடியில் தனியாக மேக்கப்பைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

பேச்சு பரவியதும் அனிதா என் காலைப் பிடித்தாள். "அக்கா, தெரிஞ்சா எங்கப்பா என்னைக் கொன்னுடுவாரு." அதனால்தான் நீங்கள் கேட்டபோது வாய் திறக்கவில்லை. அவள் கல்யாணம் முடிந்த மறுநாளே சொன்னேன். "அப்பவே ஏன் சொல்லல? அவ போனப்புறம் அவ தலையில கட்டுறியாக்கும்" என்று கேட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினீர்கள்.

போன ஞாயிறு காவேரிப்பட்டினம் போய் அனிதாவைப் பார்த்தேன். ஐந்து மாதம் முழுகாமல் இருக்கிறாள். மாமியார் காபி போட உள்ளே போனதும், உங்களுக்கு நாலு வரி எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன். "நாடகம் முடிஞ்சதுமே நான் வீட்டுக்குப் போயிட்டேனே, அக்கா" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. வற்புறுத்த எனக்கு வாய் வரவில்லை. சுபாஷ் வேலையை விட்டுப் போய் மாதக் கணக்காகிறது. எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

இனி எனக்குச் சாட்சி கிடையாது. நம்புங்கள் என்று கேட்பதையும் விட்டுவிட்டேன்.

அம்மா செத்துப்போய்விட்டதாகப் பிள்ளையிடம் சொல்லி வைத்திருக்கிறீர்களாம். சாத்தூருக்கு வந்து போன பக்கத்து வீட்டு ராஜாத்தி சொன்னாள். அதை மட்டும் மாற்றிச் சொல்லுங்கள். அம்மா ஓசூரில் வேலை செய்கிறாள், லீவு கிடைக்கவில்லை என்று சொல்லுங்கள். பிள்ளை நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
சத்யப்ரியாவின் அம்மா
பொற்கொடி