ரெசின் வாசமடிக்கும் தேயிலை

போன வாரம் ஒரு காலையில் பாப்பாவின் பால்மாவு டின்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். மேல்தட்டின் மூலையில் ஒரு பழைய டின் கைக்கு வந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு கைப்பிடி தேயிலை. தேயிலை வாசம் வரவில்லை. ரெசின் வாசம் வந்தது. மூன்று வருஷமாகியும் மூக்குக்குள் ஊசி போல ஏறும் அதே வாசம்.

"ஞாபகத்துக்கு வச்சுக்கடி. மறந்து குடிச்சிடாத," என்று சொல்லித்தான் நீ அதை என்னிடம் கொடுத்தாய்.

நீ போய் ஒரு வருஷம் முடிந்துவிட்டது. அப்போதே எழுதியிருக்க வேண்டிய மடல் இது. பிந்தியதற்குக் காரணம் பயம்தான். எனக்கு எதற்குத்தான் பயமில்லை? தூங்கும் குழந்தையின் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறவள் நான். உனக்குத் தெரியாததா.

இந்த வாசத்துக்குக் காரணமான அந்தக் காரை நீ முதன்முதலில் காட்டியது நம் மலையூர் கம்போங் ராஜாவில், உன் அண்ணனின் காய்கறிக் கொட்டகையில். கோபிஸ் கூடைகளுக்கு நடுவே ஒரு இரும்புச் சட்டம், நான்கு சக்கரம், இரண்டு சீட்டு. சீட்டுக்கு முதுகுப்பக்கம் எஞ்சின். பெட்டி பெட்டியாக வாங்கி நாமே பூட்டிக்கொள்கிற கிட் கார். வாங்கியவர் பாதியில் கைவிட்டதை நீ எடுத்து வந்திருந்தாய். அதற்கென்று வந்த ஃபைபர் உடம்பு பக்கத்தில் கிடந்தது. முழங்கால் உயரம், முன்பக்கம் கோடாலி மாதிரி சரிவு, கதவுகள் இறக்கை போல மேலே திறக்கும், பின்னால் பார்க்கக் கண்ணாடியே கிடையாது.

"எப்படி இருக்கு?" என்றாய்.

"தவக்கள மேல லோரி ஏறுன மாதிரி இருக்கு."

நீ சிரித்த சிரிப்பில் வெளியே நின்ற உன் அண்ணன் எட்டிப் பார்த்தார். "அப்ப நீயே வேற ஒடம்பு வரைஞ்சு குடு லா. எலும்பு அப்படியே இருக்கட்டும், சட்டைய மட்டும் மாத்து. ஈப்போவுல மூணு வருஷம் டிசைன் படிச்சது எதுக்கு, கோலம் போடவா?"

ஈப்போவில் நாம் இருவரும் சேர்ந்துதான் படித்தோம். நீ மெஷின், நான் டிசைன். திரும்பி வந்ததும் நீ தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர் ஆனாய், அங்கே அந்த வேலையில் இருந்த ஒரே பெண். நான் அதே தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணிக்கு மனைவி ஆனேன். கொட்டகையில் நின்றபோது எனக்கு ஐந்து மாதம். பென்சிலை எடுத்தால் கோடு வரவில்லை. கவிழ்ந்தால் இந்தக் கதவு எப்படித் திறக்கும், பனிமூட்டத்தில் பின்னால் வரும் லோரி எப்படித் தெரியும் என்றுதான் வந்தது. சொல்லவே வெட்கமாக இருந்தது. சொன்னேன்.

மற்றவர்கள் எல்லோரும் என்னிடம் "பயப்படாத" என்பார்கள். நீ ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பள்ளிக்கூட நோட்டு ஒன்றை என் மடியில் போட்டாய்.

"பயப்படுறது எல்லாத்தயும் நம்பர் போட்டு எழுது. அதான் நம்ம பிளான்."

பதினேழு பயங்கள் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே நீ ஒரு படம் போட்டாய். கவிழ்ந்தால் என்ற பயத்துக்கு, சாதாரணக் கார் போலப் பக்கவாட்டில் திறக்கும் கதவு. பின்னால் தெரியாது என்ற பயத்துக்கு, கூரையைச் சரியவிடாமல் நேராக நீட்டி, கடைசியில் நிமிர்ந்த கண்ணாடி. எஞ்சின் சூடு முதுகில் அடிக்கும் என்றதற்கு இரட்டைச் சுவர். தீர்ந்ததும் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு. என் பயத்தை நீ குறையாகவே பார்க்கவில்லை, அளவெடுத்துக்கொண்டாய். அப்படி ஒருத்தியை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் இல்லை.

படம் முடிந்ததும் உன் அண்ணன் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "ரேஸ் காரு கேட்டா ரொட்டி வேன் வரைஞ்சு வச்சிருக்கீங்களே."

"ரொட்டி நனைஞ்சு பாத்திருக்கியாண்ணே?" என்றாய் நீ.

என் பங்கில் ஒரு பிழை இருந்தது. எஞ்சினுக்குக் காற்று வேண்டும் என்று கூரைமேல் அழகாக ஒரு வாய் வைத்திருந்தேன். நீ கை நீளத்துக்குக் களிமண்ணில் அந்த உடம்பைப் பிடித்து, மேலெல்லாம் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டி, தொழிற்சாலையின் லோஃப்ட்டுக்குத் தூக்கிப் போனாய். பறித்த இலையை வாட வைக்கும் மேல்மாடி அது. நீளமான வலைத் தொட்டிகளில் இலையைப் பரப்பி, பெரிய காற்றாடியால் அடியிலிருந்து காற்று விடுவார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் காற்றாடிக்கு முன்னால் மாதிரியைப் பிடித்தாய். கூரைமேல் இருந்த நூல்கள் என் அழகான வாயைத் தாண்டி நேராக ஓடின. ஒன்றுகூட உள்ளே திரும்பவில்லை. கதவுக்குப் பின்னால், காரின் இடுப்பு உயரத்தில் நீ விரலால் தோண்டிய இரண்டு குழிகளில் மட்டும் நூல் உள்ளே இழுத்தது.

"அழகு எங்கன்னு தேடாத. காத்து எங்க போவுதுன்னு கேளு," என்றாய். தினமும் இலைக்குக் காற்று விடுகிறவளுக்கு அது தெரிந்திருந்தது. மூன்று வருஷம் படித்த எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் அந்தப் பின்மூடி. எஞ்சினை மூடி, கண்ணாடியைத் தாங்கும் பெரிய துண்டு. அச்சில் ஃபைபர் துணியை விரித்து ரெசின் பூசினோம். கீழே ஊரில் ஒரே பகலில் கல்லாகிவிடும். நம் குளிருக்கும் ஈரத்துக்கும் மூன்று நாளாகியும் தொட்டால் விரல் ஒட்டியது. ஒரு மாத வேலை வீணாகப் போகிறது என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போது சொன்னேன். நான்தான் சொன்னேன். "லோஃப்ட்டுல சூடான காத்து விடுவாங்கல்ல, அங்க வச்சா என்ன?"

நீ உடனே தலையாட்டவில்லை. "தேயில பக்கத்துல இருக்குறத எடுத்துக்கும்டி. மீன் பொட்டலம் வச்சாலே வாசம் புடிச்சுக்கும்."

"ஞாயித்துக்கிழம எலயே இருக்காதே. திங்கள் காலையில எடுத்துடலாம்."

என் முகத்தைப் பார்த்துத்தான் நீ ஒத்துக்கொண்டாய் என்று இப்போது தோன்றுகிறது. சனிக்கிழமை சாயங்காலம் தூக்கி வைத்தோம். திங்கள் காலை அது மணி போலக் காய்ந்திருந்தது. நாம் எடுத்துப் போனோம். வாசம் போகவில்லை. காலி வலையில் ஊறி, புது இலைக்காகக் காத்திருந்தது. மறுநாள் சுவை பார்க்கும் மேசையில் தோட்டத்துத் துரை ஒரு வாய் எடுத்துத் துப்பினாராம். "யாரு பெயிண்ட் காய்ச்சினது?"

இதை என் வீட்டுக்காரர் மதியச் சோற்றின்போது சொன்னார். விசாரணை தொடங்கும் முன்பே நீ துரை அறைக்குள் போய்விட்டாய் என்றும் சொன்னார். "வச்சதும் நான்தான், யோசனையும் என்னுதுதான்னு சொல்லிட்டா." யோசனை என்னுடையது என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

உன்னைத் தொழிற்சாலையிலிருந்து எடுத்து ரிங்லெட் பக்கம் லோரிப் பட்டறைக்கு அனுப்பினார்கள். உனக்குப் பிடித்த காற்றாடிகளும் உருளைகளும் இங்கேயே நின்றுவிட்டன. "ஏன் அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"ஒம் பேரு வந்தா ஒன் ஊட்டுக்காரரயும் இழுப்பாங்க. வயித்துல புள்ள வேற. எனக்கு ஸ்பேனர் எங்க போனாலும் ஸ்பேனர்தான் லா."

எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை எழுதத்தான் இத்தனை நாள் ஆனது. நீ போன இடத்தைப் பற்றிக் கவலைப்படும் முன்பே எனக்கு நிம்மதி வந்துவிட்டது. பிறகு பாப்பா பிறந்தாள். நீ லீவு நாள்களில் வந்து அவளை ஏந்திக்கொண்டு, "இவளுக்கும் லிஸ்ட் எழுதணும் போலயே, எப்பப் பாரு அழுவுறா," என்றாய். சொல்லிவிடலாம், அடுத்த மாதம் சொல்லிவிடலாம் என்றே இருந்தேன். போன மழைக்காலத்தில் தலைவலி என்று படுத்த நீ எழவே இல்லை. லோஃப்ட் வேலைக்குத் திரும்பாமலே போய்விட்டாய்.

டின்னைத் திறந்த அன்று அந்த நோட்டைத் தேடி எடுத்தேன். பதினேழிலும் உன் பென்சில் கோடு. கீழே பதினெட்டு என்று போட்டு, "உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்?" என்று எழுதினேன். எதிரே படம் போட நீ இல்லை. முதலில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர், "நானும் வரட்டா?" என்றார். வேண்டாம் என்று, பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நானே ஆபீசுக்குப் போனேன்.

நான் சொன்னதைத் துரை கடைசிவரை கேட்டார். பிறகு மேசைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தார். உன் கையெழுத்து. எந்த மூன்று தொட்டி, எத்தனை மணி நேரம் காற்று, எந்தப் பக்கமாக ஓடியது என்று அன்றே எழுதிக் கொடுத்திருக்கிறாய்.

"இது இல்லன்னா மாடி முழுக்கக் கழட்டிக் கழுவியிருக்கணும்மா. மூணு தொட்டியோட போச்சு," என்றார். "யோசன அவளுது இல்லன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். இலையோட வேல செய்றவளுக்கு அந்த யோசன மொதல்ல வராது."

"அப்ப ஏன் நீங்க கேக்கல?"

"கேட்டா சொல்லியிருப்பாளா?"

தப்பு யாருடையது என்று ஃபைலில் மாற்றி எழுதச் சொன்னேன். என் முன்னாலேயே எழுதினார். மேற்பார்வை ஆபீசுக்கு அது போகும், வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்றும் சொன்னார். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் பதினெட்டின் மேல் கோடு போட்டேன். உன் கோடு போல நேராக வரவில்லை.

காரை உன் அண்ணன் பூட்டி முடித்துவிட்டார். பதிவுக்குக் காத்திருக்கிறது. அதே பின்மூடிதான், ஒரு விரிசல் இல்லை. நேற்று கொட்டகையில் ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்து பின்னால் திரும்பிப் பார்த்தேன். வாசலில் பனி இறங்கியிருந்தது. அதற்குள்ளும், கூடையோடு வரும் உன் அண்ணன் நிமிர்ந்த கண்ணாடியில் முழுசாகத் தெரிந்தார்.

அந்த டின்னை இறுக்கி மூடி, சமையலறையிலிருந்து தள்ளி, நோட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். தேயிலை பக்கத்தில் இருப்பதை எடுத்துக்கொள்ளும் என்று நீதான் சொன்னாய். எட்டு வருஷம் உன் பக்கத்தில் இருந்தவள் நான்.