நோயாளியின் துஆ

தம்பிக்கு அக்காவின் ஸலாம்.

ஞாயிறன்று திண்டிவனத்திலிருந்து கோட்டக்குப்பம் போய் அத்தாவைப் பார்த்தேன். டயாலிசிஸ் முடிந்து வந்து படுத்திருந்தார். தகப்பனும் மகனுமாக நீங்கள் போட்ட சண்டையைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.

வீடு நிறைய ஆட்கள். நோயாளியை நலம் விசாரிப்பவருக்காக வானவர்கள் பாவமன்னிப்புக் கேட்பார்களாம். நோயாளி செய்யும் பிரார்த்தனையும் சீக்கிரம் ஏற்கப்படுமாம். அதனால் எழுந்து போகும்போது ஒவ்வொருவரும், "எனக்கும் துஆ செய்ங்க மாமா" என்கிறார்கள். ஒருவருக்கு மகளின் கல்யாணம், இன்னொருவருக்குத் துபாய் விசா.

கூட்டம் கலைந்ததும் அத்தா சிரித்தார்.

"எல்லாரும் நன்மைக்கு வந்துக்கினு போறாங்க. ஒனக்குத்தான் அதுலல்லாம் நம்பிக்கை இல்லியே, நீ எதுக்கும்மா வந்தே?"

"உங்களப் பாக்கத்தான்."

"பரவால்ல, எனக்காகவும் ஒரு ஆளு வந்துருக்கு."

எனக்கு ஓர் ஆவல். "ஊருக்கெல்லாம் துஆ கேக்குறீங்க. உங்களுக்குன்னு என்னத்தா கேப்பீங்க?"

கொஞ்ச நேரம் வாசலையே பார்த்தார். "அவன ஒரு தடவ இந்தப் பக்கம் அனுப்பு ரப்பேன்னு கேப்பேன்" என்றார். பெயர் சொல்லவில்லை.

மற்றவர்களின் துஆக்கள் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. இந்த ஒன்று ஏற்கப்படுமா என்று மட்டும் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன். அதை விழுப்புரத்தில் இருக்கும் உன்னைத்தான் கேட்க முடிகிறது.

உன் அக்கா