நூற்றில் ஏழு தடவை

துவைக்கப் போட்ட சட்டைப் பையிலிருந்து ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்திருந்தாள் என் மனைவி. உன் பதினாறாம் நாள் விசேஷத்துக்குச் சங்கரன்கோவில் வந்துவிட்டுத் திரும்பும்போது வாங்கியது. இப்போதெல்லாம் கண்டக்டரின் மெஷின் துப்புகிற மெல்லிய தாள்தான். நாலு நாளில் எழுத்து மங்கிவிடும். ஆனாலும் என் கண் முதலில் போனது அதிலிருந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களுக்கு. அறுபத்திரண்டு. தோல்வி.

நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் இந்தப் பழக்கம் விடவில்லை. பழக்கிவிட்டவன் நீ. நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். இனி யாரிடம் சொல்லி என்ன, சொல்லாமல் இருந்து என்ன என்று இரண்டு நாள் யோசித்தேன். அப்புறம்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எழுபதுகளின் கடைசி அது. நீயும் நானும் ஒரே பஸ்ஸில் கல்லூரிக்குப் போனோம். உன் அப்பா தறி ஓட்டினார். என் அப்பாவுக்குத் தாலுகா ஆபீசில் வேலை. நம் ஊரில் பாஸ்கெட்பால் என்றால் யாருக்கும் தெரியாது. ஒருநாள் நீ உன் அப்பாவிடம் விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தாய். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அடியில ஓட்டையா இருக்க கூடையில பந்தப் போட்டு என்னத்துக்குல?" என்றார். நாம் இருவரும் தெரு முனைவரை சிரித்துக்கொண்டே வந்தோம்.

கல்லூரியில் இருந்தது ஒரு மண் கோர்ட். மழை பெய்தால் இரண்டு நாள் ஆட முடியாது. நான் உயரம், அதனால்தான் என்னை உள்ளே எடுத்தார்கள். நீ குள்ளம். ஆனால் பந்து உன் கைக்கு வந்துவிட்டால் அடுத்து அது யாருக்குப் போக வேண்டுமோ அவன் நெஞ்சுக்கு நேராகப் போகும். கணிதம் படித்தவன் நீ. பந்தை எறிவதற்கு முன்னால் ஒரு கணம் உன் உதடு அசையும். என்னத்தல முணங்குத என்று கேட்டால், "ஒண்ணுமில்லல, எண்ணுதேன்" என்பாய்.

அந்த வருஷம் பாளையங்கோட்டையில் கல்லூரிகளுக்கிடையே நடக்கும் போட்டிக்கு அட்டவணை வந்தது. எட்டுக் கல்லூரிகள். தோற்றால் வெளியே, மூன்று மேட்ச் வரிசையாக ஜெயித்தால் கப்பு. பி.டி. சார் நம்மை வரிசையில் நிறுத்தி, இந்தத் தடவை கப்பு நமக்குத்தான் என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ கேட்டாய்.

"நமக்குத்தான்னு சொல்லுதாரே, எத்தன தடவைக்கு ஒரு தடவ?"

"என்னல கேள்வி இது? நடக்கப்போறதே ஒரு தடவதான்."

"அதான் தெரியும்லா. நூறு தடவ நடந்தா நாம எத்தன தடவ ஜெயிப்போம்னு கேக்கேன்."

அதற்கு நீ கண்டுபிடித்த வழியை இன்று நினைத்தாலும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. விளையாட்டு அறையில் கிடந்த பழைய ஸ்கோர் நோட்டுகளைப் புரட்டி, எந்தக் கல்லூரி யாரை எத்தனை முறை ஜெயித்திருக்கிறது என்று எடுத்தாய். முதல் மேட்சில் நமக்கு நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு என்று வைத்தாய். பிறகு பஸ் ஸ்டாண்டில் கீழே கிடந்த டிக்கெட்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தாய். ராயகிரி பஸ், புளியங்குடி பஸ், எது வந்து நின்றாலும் அதன் படிக்கட்டடியில் குனிந்து நிற்பாய். பிஸ்கட் டப்பா நிறைய டிக்கெட். கண்ணை மூடி ஒன்று எடுக்க வேண்டும். கடைசி இரண்டு எண் நாற்பதுக்குக் கீழே இருந்தால் நமக்கு வெற்றி. மேலே என்றால் தோல்வி. மற்றக் கல்லூரிகளின் மேட்சுகளுக்கும் அப்படியே, அதது பலத்துக்கு ஏற்ற எல்லை. எடுத்ததைத் திரும்ப டப்பாவில் போட்டுக் குலுக்கி அடுத்த மேட்ச்.

பஸ்ஸில் கொஞ்சம், ஆவுடைப் பொய்கைப் படியில் கொஞ்சம் என்று ஒரு மாதம் ஆடினோம். நான் எடுப்பேன், நீ ஒரு நோட்டில் எழுதுவாய். முதல் பத்துப் போட்டியிலும் நாம் வெளியே. பதினொன்றாவதில் ஜெயித்துக்கொண்டே போனோம். இறுதி மேட்ச்சுக்கு நான் டப்பாவின் அடிவரை கை விட்டுத் துழாவி எடுத்தேன். வெறும் டிக்கெட். பதினேழு வந்தது. நீ பஸ்ஸிலேயே எழுந்து கத்திவிட்டாய். கண்டக்டர் பின்னாலிருந்து வந்து, "என்னல, பரிச்சயில பாஸா?" என்றார். "கப்பு அண்ணாச்சி" என்றாய்.

நூறு முடிந்தபோது ஏழு தடவை கப்பு நம்முடையது. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. உனக்கு முகம் மலர்ந்திருந்தது. "ஏழுல. நம்மள மாதிரி ஆளுக்கு நூத்துல ஏழு எவன்ல குடுத்திருக்கான்?" என்றாய். அதோடு விடவில்லை. ஆட்டத்தை மெதுவாக்கினால் என்ன ஆகும் என்று இன்னொரு முறை ஆடிப் பார்த்தாய். பந்து கைக்கு வந்தால் எறிவதற்குக் கொடுக்கிற முப்பது செகண்டையும் இழுத்துப் பிடித்து, எறிவதைக் குறைத்தால் பெரிய டீமின் பலம் முழுசாக வெளியே வராது, நமக்கு அதிர்ஷ்டம் நுழைய இடம் இருக்கும் என்றாய். அதையும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதினாய்.

"பி.டி. சார்ட்ட நானே சொல்லுதேன். எப்படிச் சொல்லணும்னு யோசிச்சுச் சொல்லணும். நீ வாயத் தொறக்காத, என்ன?"

சரி என்றேன்.

அணிக்குப் பத்துப் பேர். ஒன்பது பெயர் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பத்தாவது நீயா நானா என்பதுதான் மிச்சம். உன் ஆட்டம் பி.டி. சாருக்குப் பிடிக்கும். எனக்கும் அது தெரியும். அந்தப் போட்டியில் கலந்துகொண்ட சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று அந்த வருஷம் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். உன் வீட்டில் அதை நம்பி இருந்தார்கள். என் வீட்டில் யாரும் எதையும் நம்பி இருக்கவில்லை. இருந்தும்.

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று நோட்டை என்னிடம் கொடுத்து, கடைசிப் பக்கங்களைச் சுத்தமாகப் படியெடுத்துத் தரச் சொன்னாய். மறுநாள் காலை நான் நேராக விளையாட்டு அறைக்குப் போனேன். அந்த நடையை இத்தனை வருஷமும் எனக்குச் சாதகமாக மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சார் தற்செயலாகக் கேட்டார் என்று ஒரு கதை. நோட்டு கையிலிருந்து விழுந்தது என்று ஒரு கதை. எதுவும் நடக்கவில்லை. நானாகத்தான் போனேன். நானாகத்தான் மேசைமேல் வைத்தேன். "சார், நாம தோத்துருவோம்னு எழுதி வச்சிருக்கான் சார்" என்றேன்.

"யாரு?"

உன் பெயரைச் சொன்னேன். அவர் புரட்டினார். எண்ணினார். "தொண்ணூத்தி மூணு தடவ தோல்வியா?" என்றார். கடைசிப் பக்கங்கள் வரை அவர் போகவில்லை. போகச் சொல்லி நானும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் எல்லோரையும் கோர்ட்டில் நிற்கவைத்தார். நோட்டைத் தூக்கிக் காட்டி, "நம்ம டீமுக்கு ஒரு ஜோசியக்காரன் இருக்கான், தெரியுமா?" என்று வாசிக்க ஆரம்பித்தார். முதல் போட்டி, தோல்வி. இரண்டாவது போட்டி, தோல்வி. மூன்றாவது போட்டி, தோல்வி. ஒவ்வொன்றுக்கும் பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் என்னைச் சந்தேகப்படுவார்கள் என்று சிரித்தேன் என்பதும் பின்னால் நான் செய்துகொண்ட கதைதான். அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது.

நீ அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய். பிறகு அவரிடம் சொன்னாய்: "சார், ஏழு தடவ ஜெயிச்சிருக்கோம். அதையும் வாசிங்க."

அவர் நோட்டை மண்ணில் எறிந்தார். "தோக்கதுக்குக் கணக்குப் போடுதவனுக்கு என் டீம்ல எடம் கெடையாது."

நீ குனிந்து எடுத்தாய். மண்ணைத் தட்டினாய். சைடு லைனில் கழற்றி வைத்திருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு நடந்தாய். நான் அடுத்த பஸ்ஸில் வந்தேன்.

பாளையங்கோட்டையில் முதல் மேட்சிலேயே தோற்றோம். நாலு புள்ளி வித்தியாசம். பாதி ஆட்டம்வரை நாங்கள் முன்னால் இருந்தோம். சார் வெளியிலிருந்து "ஓடு, ஓடு" என்று கத்திக்கொண்டே இருந்தார், ஓடினார்கள். கடைசிப் பத்து நிமிஷத்தில் ஒருவனுக்கும் மூச்சு இல்லை. நான் பெஞ்சில் உட்கார்ந்து உன் கடைசிப் பக்கங்களை நினைத்துக்கொண்டிருந்தேன். மெதுவாக ஆடியிருந்தால் ஜெயித்திருப்போமா, தெரியாது. யாருமே ஆடிப் பார்க்கவில்லை. என்னை மூன்று நிமிஷம் இறக்கினார்கள். பந்து இரண்டு முறை என் கைக்கு வந்தது, ஒன்றைத் தவறவிட்டேன். எங்களைத் தோற்கடித்தவர்கள் அடுத்த மேட்சில் தோற்றார்கள். சான்றிதழ் பத்துப் பேருக்கும் கிடைத்தது.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோரம் நீ. எப்போதும்போல் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. நான் உட்கார்ந்தேன். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று வந்திருந்தேன். நீ திரும்பிப் பார்த்துச் சொன்னாய்:

"வாங்க. மேட்ச் எப்படிப் போச்சு?"

அவ்வளவுதான். மூன்று வருஷமாக எனக்கு "ஏலே"வும் "வே"யும் தவிர உன் வாயிலிருந்து வேறு வந்ததில்லை. அன்றிலிருந்து சாகிறவரை நான் உனக்கு "நீங்க". நீ என்னிடம் பேசாமல் இருந்ததில்லை. சண்டை போட்டதில்லை. முகம் திருப்பியதில்லை. எதிரே பார்த்தால் நின்று, "சொகமா இருக்கீங்களா? வீட்ல எல்லாரும் நல்லா இருக்காகளா?" என்று கேட்டாய். கடைக்காரரிடம் பேசுவதுபோல, ஆபீசரிடம் பேசுவதுபோல. ஒருவனை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்த இவ்வளவு மரியாதை போதும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அந்தச் சான்றிதழ்தான் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. மூன்று நிமிஷம் ஆடியவனுக்கு. நீயும் அதே வேலைக்கு எழுதிப் போட்டாய். சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நீ உன் அப்பாவின் கைத்தறியில் உட்காரவில்லை, விசைத்தறிக் கூடத்துக்குப் போனாய். எண்பதுகளில் ஒரு ஆடித் தபசுத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தபோது உன்னைத் தேடி அங்கேயே வந்தேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். பத்துத் தறி ஓடிக்கொண்டிருந்தது. உன் பக்கத்தில் நின்று, நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான் என்று சொன்னேன். முழுதும் சொன்னேன். நீ காதைத் தொட்டுக் காட்டினாய்.

"தறிச் சத்தத்துல காது மந்தமாப் போச்சுங்க. ஒண்ணும் கேக்கல. பொறவு பேசுவோம்."

என் உதட்டைப் பார்த்தபடியேதான் நின்றிருந்தாய். கேட்டதா, கேட்கவில்லையா? வெளியே வந்து நிற்கலாமா என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சொல்லியாயிற்று என்று எனக்கு நானே வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பதினாறாம் நாள் பந்தியில் உன் மகள் எனக்கு இலை போட்டாள். தென்காசியில் பள்ளிக்கூட வேலை என்றாள். உன் சாயல், பேசுவதற்கு முன்னால் அவளுக்கும் உதடு அசைகிறது. நான் உன்னோடு படித்தவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சாப்பிட்டு முடித்ததும் தனியாக வந்து நின்றாள்.

"மாமா, அப்பா காலேஜ்ல பாஸ்கெட்பால் ஆடுவாகளாமே. நெசமா?"

"நல்லா ஆடுவான்மா. எங்க எல்லாரையும்விட நல்லா ஆடுவான்."

"அப்பொறம் ஏன் டீம்ல போகல? நான் சின்னதுல கேட்டிருக்கேன், சொல்லவே மாட்டாக."

கூடத்தில் சத்தம் எதுவும் இல்லை. அவள் காதில் ஒரு குறையும் இல்லை. அறுபது தாண்டிய மனிதன் நான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். இனி எதை இழக்கப் போகிறேன்? வாய் திறந்தேன்.

"முட்டில அடி பட்டுட்டும்மா. அந்த நேரம் பாத்து."

அவள் முகம் கனிந்துவிட்டது. "அப்படியா" என்றாள். உள்ளே திரும்பி, "எம்மா, அப்பாக்கு முட்டில அடியாம்மா, அதான் போகலியாம்" என்று சொல்லிக்கொண்டே போனாள். உன் மனைவி அங்கிருந்து என்னை நன்றியோடு பார்த்தார்.

இப்போது உன் வீட்டில் உன்னைப் பற்றி என் பொய்தான் பேச்சாக இருக்கும். நாளைக்குப் பேரன் பேத்திகளுக்கும் அதைத்தான் சொல்வார்கள். மகளின் முகவரியை வாங்கி வந்திருக்கிறேன். இந்த மடலை அவளுக்கு அனுப்பலாம் என்றுதான் முதல் வரியை எழுதும்போது நினைத்தேன். இந்தக் கடைசி வரிக்கு வந்து சேரும்போது, அனுப்ப மாட்டேன் என்று எனக்குத் தெரிகிறது. உனக்கும் தெரியும்.